வெள்ளவத்தையில் ஒரு நாள்

கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் கொழும்பு வெள்ளவத்தையில் வசிக்கும் பெரியம்மா வீட்டுக்குச் சென்றிருந்தேன். கோட்டையிலிருந்து கரையோரப் புகையிரதத்தில் புறப்பட்டேன். தண்டவாளத்தின் அருகிலேயே கடல். பம்பலப்பிட்டிக்கு அடுத்த நிலையம் வெள்ளவத்தை. பெருநகரில் அயல்வீட்டாரின் பெயர்கூட எவருக்கும் தெரியாது என்றே அதுவரை எண்ணியிருந்தேன்.

மாலையில் பெரியம்மா என்னைக் காலி வீதி வழியாகக் கொழும்புத் தமிழ்ச் சங்கத்திற்கு அழைத்துச் சென்றார். 1942ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சங்கம் அது. அதன் நூலகத்தில் முதியவர் ஒருவர் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். அடுத்த மேசையில் என் வயது மாணவி ஒருத்தி பரீட்சைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். வீதியின் இரைச்சல் அங்கே கேட்கவில்லை.

திரும்பும் வழியில், ஒழுங்கை முனையில் வயதான சிங்கள அம்மையார் ஒருவர் பெரியம்மாவின் கையைப் பற்றி நலம் விசாரித்தார். அவர் சென்றபின் பெரியம்மா கூறினார்: "1983ஆம் ஆண்டு யூலைக் கலவரத்தில் எங்கள் வீட்டை எரித்தார்கள். அன்று எங்களைத் தன் வீட்டில் மறைத்து வைத்துச் சோறு போட்டவர் இவர்தான்."

நான் திகைத்துப்போனேன். "அதன் பிறகும் ஏன் இங்கேயே வந்தீர்கள், பெரியம்மா?" என்று கேட்டேன்.

"இப்படிப்பட்ட அயலவரை விட்டு எங்கே போவது, மகன்?" என்றார் அவர்.

அன்றிரவு தொடர்மாடி வீடுகளின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு விளக்கின் பின்னாலும் ஒரு குடும்பம் இருப்பது அப்போதுதான் என் மனதில் பட்டது. ஓர் ஊரின் பண்பாடு அங்குள்ள கட்டடங்களால் மட்டும் வளர்வதில்லை. ஆபத்து வேளையில் திறக்கும் கதவுகளாலும் வளர்கிறது.