கைப்பை வைத்த கார்

ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஏதாவது ஒரு பத்திரிகையிலிருந்து மகளிர் தினச் சிறப்பிதழுக்குக் கவிதை கேட்பார்கள். அனுப்புவேன். இதழ் வரும்போது கவிதையைச் சுற்றி ரோஸ் நிறத்தில் பூக்கொடி ஓடியிருக்கும். மற்ற மாதங்களில் யாரும் கேட்பதில்லை. அந்தப் பூக்கொடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பழைய அமெரிக்கக் கார் நினைவுக்கு வருகிறது.

1955இல் டாட்ஜ் நிறுவனம் ‘லா ஃபெம்’ என்ற பெயரில் அதை விற்றது. பிரெஞ்சில் ‘பெண்’ என்று பொருள். தனியாக வடிவமைத்த கார் அல்ல. கஸ்டம் ராயல் லான்சர் என்ற காரையே, 143 டாலர் கூடுதலாகக் கொடுத்தால், பெண்ணுக்கென்று அலங்கரித்துத் தருவார்கள். வெளியே வெள்ளையும் ரோஸும். பக்கவாட்டில் பொன்னிறத்தில் பெயர். இருக்கைத் துணியில் ரோஜா மொட்டுகள். முன்னிருக்கை ஒன்றின் முதுகில் தோல் கைப்பை. அதற்குள் பவுடர் டப்பா, லிப்ஸ்டிக் கூடு, சீப்பு, சில்லறைப் பர்ஸ், சிகரெட் பெட்டி, லைட்டர். மற்ற இருக்கையின் முதுகில் மழைக்கோட்டு, தொப்பி, குடை. அவையும் இருக்கைத் துணிக்குப் பொருத்தமாக!

எஞ்சினும் ஸ்டியரிங்கும் பெடல்களும் அப்படியே இருந்தன. அடுத்த ஆண்டு ரோஸ் போய் ஊதா வந்தது. அதிகம் விற்கவில்லை, 1957இல் நிறுத்திவிட்டார்கள். அன்றைய அமெரிக்காவில் கணவன் கையெழுத்து இல்லாமல் பெண்ணுக்குக் கடன் தரப் பல இடங்களில் மறுத்தார்கள். அதைத் தடுக்கும் சட்டம் வர 1974 ஆயிற்று. கைப்பை கிடைத்தது, கடன் கிடைக்கவில்லை.

அதே ஆண்டுகளில் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புக் கூடத்தில் பெண்கள் வேலை செய்தார்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் காரின் உட்புறம்தான் ஒதுக்கப்பட்டது: துணி, நிறம், இருக்கை. வெளி உருவம் ஆண்களின் பொறுப்பு. 1958இல் அந்தப் பெண்கள் அலங்கரித்த கார்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். ரூத் க்ளென்னி ஒரு கார்வெட்டை எடுத்துக்கொண்டார். நான்கு பருவங்களுக்கு நான்கு இருக்கை உறைகள் செய்தார். கூடவே, தானாகச் சுருண்டுகொள்ளும் சீட் பெல்ட்டையும் வைத்தார். அமெரிக்காவில் புதுக் கார்களுக்கு சீட் பெல்ட் கட்டாயமானது 1968இல்தான்.

முன்பு அந்த நான்கு உறைகளைப் பற்றிப் படித்துச் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிக்க முடிவதில்லை. அவரிடம் கேட்டது உறை, கொடுத்தார். யாரும் கேட்காத பெல்ட்டையும் அதே காரில் வைத்துவிட்டார். பூக்கொடிக்குள் இத்தனை ஆண்டுகள் எழுதிய நான், கேட்காத எதை அங்கே வைத்தேன்?

இந்த ஆண்டும் கடிதம் வந்தது. கவிதையை அனுப்பினேன். ‘பூக்கொடி வேண்டாம். மார்ச்சில்தான் போட வேண்டும் என்றில்லை, ஜூலை இதழிலும் போடலாம்’ என்று கீழே எழுதினேன்.

இன்னும் பதில் இல்லை. ஜூலைக்கு நாள் இருக்கிறது.