ராத்திரியில் மரத்தைத் தூங்க விடுங்கள்

  

2018 நவம்பர் 16 விடியற்காலை, கஜா புயலில் எங்கள் கொல்லைப் பலாமரம் வேரோடு சாய்ந்தது. அம்மா கன்று வைத்து வளர்த்த மரம். விறகுக்குக் கேட்டு ஆள் வந்தார்கள். கொடுக்க மனம் வரவில்லை. மில்லில் புயல் மரங்கள் குவிந்து கிடந்ததால், ஒன்றேகால் அங்குலப் பலகையாக அறுத்து வரப் பங்குனி ஆகிவிட்டது. இருபது பலகை தேறியது. மகள் கட்டும் வீட்டுக்கு வாசல் கதவு இதில்தான் என்று முடிவு செய்தேன்.

பச்சை மரத்தில் கதவு செய்தால் பின்னால் சுருங்கும், கோணும். நிழலில் காயவைத்தால் அங்குலத்துக்கு ஒரு வருஷம் என்பார்கள். எனக்கு அப்போதுதான் பணி ஓய்வு. கையில் நேரம் இருந்தது, பொறுமை இல்லை. சூரிய உலர்கூடம் ஒன்றை நானே கட்டினேன்.

எட்டடி நீளம், நாலடி அகலம். கூரை தெற்கே பார்த்துப் பத்து டிகிரி சரிவு. மேலே பசுமைக்குடிலுக்குப் போடும் பாலித்தீன் தாள். அதற்கு ஒரு சாண் கீழே கறுப்பு பெயிண்ட் அடித்த தகரம். வெயில் தகரத்தைச் சுடவைக்கும். பலகை மேல் நேராக விழாது. இரண்டு சின்ன ஃபேன்கள் அந்தச் சூட்டுக் காற்றை அடுக்குக்குள் தள்ளும். ஈரக்காற்று வெளியேறப் பின்சுவரில் மூடியுள்ள திறப்புகள். பலகைகளுக்கு இடையே ஒன்றரை அடிக்கு ஒரு முக்கால் அங்குலக் குச்சி, நேருக்கு நேராக.

கதவு செய்யவேண்டிய ஆசாரி, என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர். சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு சார். ஆனா அவசரப்படுத்தாதீங்க" என்றார். நான் காதில் வாங்கவில்லை.

சித்திரை வெயிலில் முதல் எட்டுப் பலகையை ஏற்றினேன். திறப்புகளை முழுசாகத் திறந்துவிட்டேன். மதியம் உள்ளே 58 டிகிரி. இரவு ஏன் வீணாக வேண்டும் என்று நாலு குண்டு பல்பைப் போட்டு ஃபேனையும் ஓடவிட்டேன். நாலாம் நாள் பட்டாசு மாதிரி ஒரு சத்தம். பத்து நாளில் ஐந்து பலகை பிளந்துவிட்டது. அம்மா வைத்த மரம். இனி வேறு எங்கே வாங்குவது? அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆசாரி வந்து தடவிப் பார்த்தார். "மேல் பக்கம் காஞ்சு சுருங்கப் பாக்குது. உள்ள இருக்கிற ஈரம் விட மாட்டேங்குது. வெடிக்காம என்ன சார் செய்யும்? ராத்திரியாவது அதைத் தூங்க விடுங்க."

யோசித்தால் அறிவியலும் அதுதான். இரவில் சூடு குறையும்போது கூடத்துக்குள் காற்றின் ஈரப்பதம் ஏறும். காய்ந்த மேற்பரப்பு கொஞ்சம் ஈரம் வாங்கி இளகும். உள்ளே இருக்கும் ஈரம் மெல்ல வெளிப்பக்கம் நகரும். சூரிய உலர்கூடத்தின் சிறப்பே இந்த ஓய்வுதான். நான் அதைத்தான் பிடுங்கியிருந்தேன்.

மீதிப் பன்னிரண்டு பலகைக்கும் முனைகளில் பெயிண்ட் பூசினேன். ஈரம் அந்த வழியாகத்தான் வேகமாக ஓடும். ஃபேன்களை நேராகச் சோலார் பேனலில் இணைத்தேன். வெயில் போனால் அவையும் நிற்கும். திறப்புகள் முதல் வாரம் ஒரு விரல் அளவு, பிறகு வாரா வாரம் கொஞ்சம் கூடுதல்.

ஈரத்தை அளந்தது இப்படி: பலகையின் நடுவிலிருந்து வெட்டிய துண்டு 290 கிராம். கேக் ஓவனில் 100 டிகிரிக்குச் சற்று மேலே வைத்து, எடை இறங்குவது நிற்கும்வரை காயவைத்தேன். 200 கிராம். போன ஈரம் 90. 200க்கு 90 என்றால் 45 சதவீதம். ஐம்பத்திரண்டாம் நாள் வேறொரு துண்டு வெட்டிப் பார்த்தேன். 12 சதவீதம். ஒரு பலகைகூடப் பிளக்கவில்லை.

அன்று ஆசாரியிடம் சொன்னேன்: "வகுப்புல நீ கணக்கை நிதானமாப் போடுவே. நான்தான் சீக்கிரம் சீக்கிரம்னு விரட்டிட்டே இருப்பேன்." அவர் பலகையை இழைத்துக்கொண்டே, "அதெல்லாம் எப்பவோ சார்" என்றார்.

அந்த ஐப்பசி மழையிலும் கதவு இறுகவில்லை. பிளந்த பலகைகளுக்கு இரும்புப் பட்டை அடித்து ஒரு பெஞ்சு செய்து கொடுத்தார். திண்ணையில் அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். யாராவது கட்டிப் பார்க்க நினைத்தால் கேளுங்கள், அளவுகளைச் சொல்கிறேன். பல்பு மட்டும் வேண்டாம்.