வாக்குச்சீட்டின் கடைசிக் கேள்வி

அமெரிக்கத் தேர்தல் என்றாலே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் அதிபர் தேர்தல்தான். டிவியில் சிவப்பும் நீலமுமாக ஒரு வரைபடம், விடிய விடிய எண்ணிக்கை... ஆனால் அதே நாட்டில் சத்தமே இல்லாமல் நடக்கும் இரண்டு ஓட்டுகள் உண்டு. ஒன்று பிரைமரி. இன்னொன்று, மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தலாமா என்று மக்களிடமே கேட்கும் ஓட்டு. "இதுக்கெல்லாமா போய் வரிசையில நிக்கணும்?" என்று பலர் வீட்டிலேயே இருந்துவிடும் தேர்தல்கள் இவை.

இவை எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிய வேண்டுமா? அலபாமா மாநிலத்தின் கதை போதும்.

முதலில் பிரைமரி. இந்தியாவில் வேட்பாளர் யார் என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்துவிடும். அங்கே ஒவ்வொரு கட்சியின் வேட்பாளரையும் வாக்காளர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஷெரிப், கவுன்ட்டி கமிஷனர் போன்ற உள்ளூர்ப் பதவிகளுக்கும் இப்படித்தான். ஒரே கட்சி ஓங்கியிருக்கும் ஊரில் பிரைமரியில் ஜெயித்தவர்தான் கடைசியிலும் ஜெயிப்பார். அதாவது உண்மையான தேர்தல் பல மாதம் முன்பே முடிந்துவிடுகிறது!

அடுத்தது அரசியல் சட்டம். அமெரிக்காவின் 50 மாநிலங்களுக்கும் தனித்தனி அரசியல் சட்டம் இருக்கிறது. அலபாமாவில் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவு கிடைத்தாலும் போதாது, மக்களும் ஓட்டுப் போட்டால்தான் திருத்தம் செல்லும். அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு இதுவரை வந்த திருத்தங்கள் 27. அலபாமாவின் 1901 அரசியல் சட்டத்துக்கு வந்தவை 900-க்கும் மேல்! அதிகாரத்தையெல்லாம் தலைநகர் மான்ட்கோமரியிலேயே குவித்து வைத்த சட்டம் அது. ஒரு கவுன்ட்டியில் பிங்கோ விளையாட்டு நடத்த அனுமதிக்கவும் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது.

அந்த 1901 சட்டம் எதற்காக எழுதப்பட்டது தெரியுமா? கறுப்பின மக்களிடமிருந்து ஓட்டுரிமையைப் பிடுங்க. எழுத உட்கார்ந்த மாநாட்டின் தலைவர் ஜான் நாக்ஸ் இதை ஒளிக்கவே இல்லை. வெள்ளையர் மேலாதிக்கத்தைச் சட்டப்படி நிலைநாட்டுவதே நோக்கம் என்று தொடக்க உரையிலேயே சொன்னார். எழுத்தறிவுத் தேர்வு, சொத்துத் தகுதி, வருடத்துக்கு ஒன்றரை டாலர் தேர்தல் வரி என்று வரிசையாகத் தடைகள். வரியைக் கட்டாமல் விட்டால் பாக்கி சேர்ந்துகொண்டே போகும். 1900இல் ஓட்டுப் போடும் வயதில் இருந்த கறுப்பின ஆண்கள் ஏறத்தாழ 1,81,000 பேர். 1903இல் வாக்காளர் பட்டியலில் மிஞ்சியவர்கள் சுமார் 3,000 பேர்.

இதில் பெரிய கொடுமை, அந்தச் சட்டத்தை நிறைவேற்றியதே ஒரு மக்கள் வாக்கெடுப்புதான். கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழ்ந்த கவுன்ட்டிகளில் ஆதரவு ஓட்டுகள் குவிந்ததாகக் கணக்குக் காட்டினார்கள். தங்கள் உரிமையைப் பறிக்கச் சொல்லித் தாங்களே ஓட்டுப் போட்டார்களாம்! அந்தக் கள்ளக் கணக்கு இல்லாவிட்டால் சட்டம் தோற்றிருக்கும்.

பிரைமரியையும் விட்டு வைக்கவில்லை. தென் மாநிலங்களில் அன்று ஜனநாயகக் கட்சி வைத்ததுதான் சட்டம். கட்சி என்பது தனியார் சங்கம் போலத்தான் என்று சொல்லி, அதன் பிரைமரியில் வெள்ளையர் மட்டுமே ஓட்டுப் போடலாம் என்றார்கள். 1944இல் டெக்சாஸ் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. உடனே அலபாமா என்ன செய்தது? 1946இல் ஒரு அரசியல் சட்டத் திருத்தம்! வாக்காளராகப் பதிவு செய்ய வருபவர் அமெரிக்க அரசியல் சட்டத்தின் எந்தப் பிரிவைக் கேட்டாலும் விளக்க வேண்டும். விளக்கம் சரியா தவறா என்று தீர்மானிப்பவர் பதிவு அதிகாரி. மக்கள் ஓட்டில் அதுவும் நிறைவேறியது. 1949இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

கவனித்தீர்களா? ஒரு மக்களை ஒதுக்க நினைத்தவர்கள் கை வைத்த இடங்கள் இந்த இரண்டும்தான். பிரைமரி, அரசியல் சட்டம். அதிகாரம் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

எழுதி வைத்ததை அழிப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. கலப்புத் திருமணத் தடை 1967லேயே உச்ச நீதிமன்றத்தால் செல்லாமல் போனது. அலபாமாவின் சட்டப் புத்தகத்திலிருந்து அந்த வரி நீங்கியது 2000இல். அப்போதும் ஐந்து லட்சத்துக்கும் அதிகமானோர் 'நீக்க வேண்டாம்' என்று ஓட்டுப் போட்டார்கள். தனித்தனிப் பள்ளிகள், தேர்தல் வரி பற்றிய செத்துப்போன வரிகளை நீக்க 2004இல் ஒரு திருத்தம் வந்தது. மறு எண்ணிக்கைக்குப் பிறகு 1,850 ஓட்டில் தோற்றது. ஏறத்தாழ 14 லட்சம் ஓட்டில் 1,850! ஒரு கல்லூரியின் மாணவர்கள் மட்டும் மனசு வைத்திருந்தால் போதும்.

2012இல் மறுபடி முயன்றார்கள். இந்த முறை கறுப்பினத் தலைவர்களே எதிர்த்தார்கள். ஏன்? இனவாதச் சொற்களை நீக்கும் அந்தத் திருத்தம், அரசு செலவில் கல்வி பெறுவது உரிமை அல்ல என்று 1956இல் சேர்த்த வரியை அப்படியே விட்டு வைத்தது. தலைப்பை மட்டும் படித்தவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. உள்ளே படித்தவர்களுக்குத்தான் தெரியும். அதுவும் தோற்றது. கடைசியில் 2020இல் மக்கள் அனுமதி கொடுத்து, இனவாத வரிகளை நீக்கித் தொகுத்த புதிய அரசியல் சட்டத்தை 2022 நவம்பரில் ஏற்றுக்கொண்டார்கள். 121 வருடங்கள்!

இன்னொரு விஷயம். அலபாமாவில் இந்தத் திருத்தங்கள் சில நேரம் பிரைமரி அன்றே ஓட்டுக்கு வருகின்றன. 2020, 2022, 2024 மூன்று வருடங்களிலும் வந்தன. 'எனக்கு எந்தக் கட்சியும் பிடிக்காது' என்பவருக்கு, திருத்தம் மட்டும் உள்ள சீட்டும் உண்டு. கேட்டால் கொடுப்பார்கள். கேட்க வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

ஓட்டுப் போடாதவர் யாருக்கும் ஓட்டுப் போடவில்லை என்று நினைத்துக்கொள்கிறார். உண்மையில் தன் முடிவையும் சேர்த்து, அன்று வரிசையில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு வருகிறார். தேர்தல் வரியைக் கட்ட முடியாமல் அன்று எத்தனையோ ஏழைகள் ஓட்டை இழந்தார்கள். இன்று அந்தச் சீட்டு இலவசமாகக் கிடைக்கிறது. கடைசிக் கேள்வி வரை படித்துப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகுமா?