ஒரு சமக்குறி, இரண்டு சமக்குறி

மைசூரு ஹெப்பாளில் உள்ள இன்ஃபோசிஸ் வளாகத்துக்குப் பயிற்சிக்கு வரும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நிரல் மொழிகளின் குறிகளை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொன்றும் என்ன வேலை பார்க்கிறது என்று கவனியுங்கள்.

பைத்தானில் வயது = 18 என்பது கட்டளை: 18-ஐ அந்தப் பெயரில் வை. வயது == 18 என்பது கேள்வி; உண்மையா பொய்யா என்று பதில் வரும்.

7 / 2 என்றால் 3.5. 7 // 2 என்றால் 3. 7 % 2 என்றால் மீதி 1. ஜாவாவிலோ 7 / 2 என்றாலே 3தான்; அங்கே // போட்டால் குறிப்புரை தொடங்கிவிடும். -7 % 3 பைத்தானில் 2, ஜாவாவில் -1!

1557இல் கணித அறிஞர் ராபர்ட் ரெக்கார்ட் சமக்குறியைக் கொண்டுவந்தபோது அதற்கு ஒரே பொருள்தான்: இரு பக்கமும் சமம். இன்று மொழிக்கு மொழி பொருள் மாறுகிறது. புது மொழியைத் தொட்டதும் முதலில் குறிகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். அந்த ஒரு மணி நேரம் பின்னால் பல இரவுத் தூக்கத்தைக் காப்பாற்றும்.