குருமனை முற்றத்து மின்கார்

"சுவாமி, பழைய மின்கார் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா?" என்று அண்மைக் காலத்தில் ஐந்து குடும்பத்தார் என்னிடம் கேட்டுவிட்டனர். 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அதன்பின் தென்பகுதியில் புதிய மின்கார் வாங்குவோர் தங்கள் பழையதைக் கைமாற்றி விடுகின்றனர்; அவற்றுள் சில எங்கள் மன்னார்ப் பக்கமும் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கின்றன. அத்தகைய கார் ஒன்றை 2021 முதல் இத்தீவில் வைத்திருப்பவன் என்ற உரிமையில் நான் அறிந்தவற்றை எழுதுகிறேன். ஐந்து முறை சொன்னதை ஆறாவது முறையும் சொல்ல நேராதிருக்கட்டும் என்பதும் ஒரு காரணம்.

என்னுடையது யப்பானியச் சிறு கார். அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை. 2015ஆம் ஆண்டையொட்டி மின்கார்களுக்கான வரி குறைந்திருந்த காலத்தில், யப்பானில் சில ஆண்டுகள் பாவித்த கார்கள் ஆயிரக்கணக்கில் இலங்கைக்கு வந்திறங்கின. அவற்றுட் பெரும்பாலானவை தயாரித்த நிறுவனம் தானே கொணர்ந்து விற்றவையல்ல. வியாபாரிகள் அங்கே ஏலத்தில் எடுத்துக் கப்பலேற்றியவை. இந்த ஒரு விபரத்தை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். உத்தரவாதப் பத்திரம் இல்லை, உதிரிப்பாகக் களஞ்சியம் இல்லை, அந்தக் காரைப் பழுதுபார்க்கப் பயிற்றப்பட்டவர் ஊருக்கு ஒருவர் இல்லை என்பதெல்லாம் அதிலிருந்தே பிறக்கின்றன. யந்திரத்தின் குறையென்று நாம் முணுமுணுப்பவற்றில் பாதி, யந்திரம் வந்த வழியின் குறை.

வாங்கும்போதே அதன் மின்கலம் மூப்படைந்திருந்தது. புதிதில் 24 கிலோவாற்று மணி மின்சாரம் கொள்ளத்தக்க பெட்டி, என் கைக்கு வந்தபோது அதில் மூன்றில் இரண்டு பங்கையே கொண்டது. லிதியம் மின்கலத்துக்கு வெப்பம் ஆகாது. சில கார்களில் மின்கலப் பெட்டிக்குள் குளிர்திரவம் ஓடும் குழாய்கள் உண்டு. என் காரில் அவ்வேற்பாடு கிடையாது. யப்பானின் குளிருக்குச் செய்யப்பட்டது, மன்னாரின் சித்திரை வெயிலில் நின்றால் என்னாகும்? இப்பொழுது ஒரு முழு மின்னேற்றத்தில் 90 கிலோமீற்றர் ஓடினால் நல்ல நாள். வவுனியா ஏறக்குறைய 80 கிலோமீற்றர். போய்ச் சேரலாம், திரும்பும் பேச்சுக்கு இடமில்லை. நீர்கொழும்பிலிருந்து இக்கார் வந்ததே லொறியின் முதுகில்தான். ஆயினும் பங்கிற்குள்ளே கிளைக் கோயில்களுக்கும் நோயாளர் வீடுகளுக்கும் நாளொன்றுக்கு 30, 40 கிலோமீற்றர் ஓடும் ஒருவனுக்கு அது போதும்.

முதல் தடை மொழியாக வந்தது. விசையை அழுத்தியதும் ஒரு பெண்குரல் யப்பானிய மொழியில் மிக மரியாதையாக ஏதோ சொல்லும். வாழ்த்துகிறாளா, எச்சரிக்கிறாளா என்று அறிய வழியில்லை. திரையிலும் அம்மொழியின் எழுத்துகளே. பீடச் சிறுவன் ஒருவன் கைத்தொலைபேசியை அந்தக் குரலுக்குக் காட்டி மொழிபெயர்க்கச் செய்தான். "நெடுஞ்சாலைக் கட்டண அட்டை செருகப்படவில்லை" என்பதே அந்த அம்மையார் ஒவ்வொரு காலையும் எனக்கு விடுத்துவந்த செய்தி! கழுதைகள் குறுக்கே படுத்திருக்கும் எங்கள் வீதிகளில் யார் கட்டணம் கேட்கப் போகிறார்கள்? சிரித்தோம். ஆனால் உண்மையான அபாய எச்சரிக்கையும் அதே எழுத்துகளில்தான் வரும் என்ற எண்ணம் சிரிப்பை விரைவில் அடக்கிவிட்டது.

அடுத்து, குருமனையின் சுவரில் மின்வடத்தைச் செருகினால் சிவப்பு விளக்கு எரிந்தது, மின்னேற்றம் தொடங்கவில்லை. கார் பழுது என்றே பார்த்தவர் அனைவரும் தீர்ப்பளித்தனர். பழுது எங்கள் வீட்டில். மின்சாரம் கசிந்தால் மண்ணுக்குள் இறங்கிப்போகத் தக்க நிலத்தொடுப்பு இல்லாத இடத்தில் அந்த வடம் வேலை செய்ய மறுக்கும். உயிர்காக்கும் மறுப்பு அது. மன்னாரின் காய்ந்த மணலில் குறுகிய கம்பியைப் புதைத்தால் பயனில்லை. முதிய மின்பணியாளர் ஒருவர், குளியலறைத் தண்ணீர் ஓடி எந்நேரமும் ஈரம் காக்கும் வாழையடியில் நீண்ட செப்புக் கம்பியை இறக்கினார். சிவப்பு விளக்கு பச்சையாயிற்று. மின்காரை வாழ்வில் முதன்முறை கண்டவர் அவர். எனினும் மண்ணையும் மின்சாரத்தையும் அறிந்தவர்.

பிறிதொரு நாள், மாலைத் திருப்பலி முடிந்து புறப்பட்டபோது திரையில் இருந்த விளக்குகள் அத்தனையும் ஒன்றாக எரிந்து அணைந்தன. கார் உயிரற்றுப் போயிற்று. பெரிய மின்கலம் நிறைந்திருந்தது. கொழும்பிலுள்ள ஒரு பழுதுபார்ப்பு நிலையத்தாரைத் தொலைபேசியில் அழைத்தேன். "கொண்டு வாருங்கள், பார்க்கலாம்" என்றார்கள். 300 கிலோமீற்றருக்கு மேல்! இத்தகைய காரைக் கயிறு கட்டி இழுத்துச் செல்லவும் கூடாது; முன்சக்கரம் நிலத்தில் உருண்டால் அதனோடு பிணைந்த மோட்டாரும் சுழன்று தானே மின்சாரம் பிறப்பித்துக் கேடு செய்யும். நான்கு சக்கரமும் லொறிமேல் ஏற வேண்டும். லொறிக்கூலியைக் கணக்கிட்டுக்கொண்டிருந்த வேளையில், எங்கள் பங்கைச் சேர்ந்த கராஜ்காரரின் மகன் வந்து முன்மூடியைத் திறந்தான். "சுவாமி, பெரிய பற்றரிக்கு ஒன்றுமில்லை. இந்தச் சின்னப் பற்றரிதான் செத்துப்போச்சு" என்றான்.

இதைச் சற்று விளக்க வேண்டும். மின்காருக்குள் இரண்டு மின்கலங்கள் உண்டு. சக்கரத்தைச் சுழற்றுவது ஏறக்குறைய 400 வோல்ற்று கொண்ட பெரியது. விளக்கு, திரை, கணினி ஆகியவற்றை இயக்குவது எல்லாக் கார்களிலும் உள்ள 12 வோல்ற்றுச் சிறிய ஈயப் பற்றரி. பெரியதன் கதவைத் திறக்கும் ஆழி சிறியதன் கையில் இருக்கிறது. சிறியது தளர்ந்தால் பெரியது நிறைந்திருந்தும் கார் அசையாது. அந்தப் பற்றரி மன்னார்க் கடையிலேயே கிடைத்தது. அரைமணி நேர வேலை. லொறியேறி கொழும்பு சென்றிருந்தால் அதே பற்றரிக்கு என்ன செலவாகியிருக்கும் என்பதை வாசகர்களே எண்ணிக்கொள்ளலாம்.

எஞ்சின் எண்ணெய், கிளச்சு, புகைக்குழாய் எதுவும் இதில் இல்லை. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே காரைப் பிடித்து நிறுத்துவதால் பிரேக்குத் தகடும் நெடுங்காலம் உழைக்கிறது. ரயர், அதிர்வுதாங்கி, உப்புக்காற்று தின்னும் இரும்புப் பாகங்கள் ஆகியவற்றை உள்ளூர்க் கராஜ்கள் நன்றாகப் பார்க்கின்றன. செம்மஞ்சள் நிற உறையிட்ட தடித்த வடங்களும் மின்கலப் பெட்டியுமே பயிற்சியில்லாதவன் தொடக்கூடாதவை. தொட்டால் மரணம், இதில் மிகைப்படுத்தல் இல்லை.

எங்கள் மக்களுக்குக் கைத்திறன் இல்லையென்று எவரும் சொல்லத் துணியார். 1990களில் வடக்கிற்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்தபோது, சில துளி பெற்றோலால் உயிர்கொடுத்து மண்ணெண்ணெயில் கார்களையும் மோட்டார்ச் சைக்கிள்களையும் ஓட்டியவர்கள் இவர்கள். பற்றரியும் தடைப்பட்டிருந்தமையால் துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள். ஆனால் அந்த யந்திரங்கள் தம் நோயை மறைக்கவில்லை. சத்தம், மணம், சூடு, புகை என்று ஏதேனும் ஒன்றால் சொல்லிவிட்டன. மின்காரின் நோய் எண்களாகக் கணினிக்குள் இருக்கிறது. அந்த எண்களைக் காட்டும் கருவியும் அவற்றின் பொருளைத் தமிழில் சொல்லும் நூலும் எங்கள் கராஜ்களில் இல்லை.

2022ஆம் ஆண்டை எவர் மறப்பார்? எரிபொருள் நிலையங்களின் வரிசைகள் தெருத்தெருவாக நீண்டன. யூன் இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எரிபொருள் இல்லையென அரசு அறிவித்தது. மார்ச் முடிவில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம்வரை போயிருந்தது. 2020இல் தொடங்கிய 103.5 மெகாவாற்றுக் காற்றாலைகள் முப்பதும் எங்கள் கரையிலேயே சுழல, எங்கள் வீடுகள் இருண்டு கிடந்தது தனிக் கதை. மின்சாரம் வரும் நேரம் பார்த்து, அது நள்ளிரவாயினும் எழுந்து வடத்தைச் செருகுவேன். அவ்வாரங்களில் அந்தக் கிழக் கார் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச்சென்ற கர்ப்பிணிகளையும் முதியவர்களையும் நான் எண்ணி வைக்கவில்லை. ஓர் இரவு, மீனவர் ஒருவர் தம் தகப்பனாரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லக் கேட்டார். 100 கிலோமீற்றருக்கும் கூடுதலான தூரம். பூநகரிப் பக்கத்து வெளியில், இருளில், நோயாளியோடு நின்றுவிடும் என்பதைச் சொல்லி மறுத்தேன். நோயாளர் வண்டி வரும்வரை அவர்களோடு திண்ணையில் இருந்தேன். பெரியவர் பிழைத்துக்கொண்டார். எனினும் இந்தக் காரைப் புகழ்வோர் அந்தத் திண்ணையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

2024இல் உண்மையான நோய் வந்தது. பாதி மின்னேற்றம் இருக்கையிலேயே திடீரென வலுக்குன்றி ஆமைபோல் ஊரத் தொடங்கியது. கொழும்பில் ஒருவர் முழு மின்கலப் பெட்டியையும் மாற்றவேண்டும் என்றார். அவர் கேட்ட தொகை காரின் விலையைவிட அதிகம். முன்சொன்ன இளைஞன், சுக்கானுக்குக் கீழுள்ள துளையில் ஒரு சிறு கருவியைச் செருகித் தன் கைத்தொலைபேசியில் 96 எண்களை வரிசையாகக் காட்டினான். மேட்டில் ஏறும்போது அவற்றுள் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகத் தாழ்ந்தது. சங்கிலிபோல் கோத்த கலங்களில் ஒன்று நலிந்தால், அதைக் காக்க வேண்டிக் கணினி முழுச் சங்கிலியையும் தடுத்துவிடும். அந்தப் பகுதியை மாத்திரம் அதே வயதுடைய, அதே அளவு வலுவுள்ள வேறொன்றால் மாற்றினால் போதும்.

அவன் இதைக் கற்ற விதம் எழுதத் தக்கது. காணொளிகள் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருந்தன, பாதியே விளங்கியது. கொழும்புப் பக்கத்தில் இத்தொழில் செய்யும் சிங்கள அன்பர் ஒருவரைத் தொலைபேசியில் தேடிப்பிடித்து, பத்து நாள் அவர் பட்டறையில் கூலியின்றி நின்றான். அவர் எதையும் ஒளிக்கவில்லையாம். இணைப்பைப் பிரித்தபின் எஞ்சிய மின்சாரம் அடங்கப் பத்து நிமிடமேனும் காத்திருக்க வேண்டும், காப்புக் கையுறையை அணியுமுன் ஊதிப்பார்த்து ஓட்டையுண்டா என்று சோதிக்க வேண்டும், மோதிரமும் செபமாலையும் உடலில் இருக்கக்கூடாது என்பனவெல்லாம் அவர் கற்பித்தவை. திரும்பி வந்து, ஏறக்குறைய 300 கிலோ எடையுள்ள பெட்டியைத் தன் தகப்பனார் செய்துகொடுத்த இரும்புத் தாங்கியில் இறக்கித் திறந்தான். மூன்று நாளில் கார் முற்றத்துக்கு வந்துவிட்டது.

ஆகவே கேட்டவர்களுக்கு என் பதில் காரைப் பற்றியதன்று. அதன் மின்கலத்தை எண்களில் அளந்து காட்டச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். வீட்டின் நிலத்தொடுப்பைச் சோதியுங்கள். உங்கள் ஒருநாள் ஓட்டத்தைக் கூட்டிப் பாருங்கள். அதற்கு மேலாக, அந்தப் பெட்டியைத் திறக்கத் தெரிந்தவர் எத்தனை கிலோமீற்றரில் இருக்கிறார் என்று கேளுங்கள். மன்னாரில் இன்றைக்கு நான் அறிய அவ்வாறு ஒருவனே இருக்கிறான்.

அந்த ஒருவனும் கனடாவுக்கு விண்ணப்பித்திருக்கிறான். தங்கை இருவர் இருக்கிறார்கள்; தாயாரின் கண்ணீரும் இருக்கிறது. நற்சான்றுப் பத்திரத்துக்கு என்னிடம்தான் வந்தான். அவனைப் பற்றி அறிந்த நல்லவை அனைத்தையும் எழுதி, கையொப்பமிட்டு, பங்கின் முத்திரையும் குத்திக் கொடுத்தேன். போகாதே என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டேன். அதன்படி, இப்பொழுது சனிக்கிழமைகளில் இரண்டு பையன்கள் அவனுடைய கராஜில் நிற்கிறார்கள். ஒருவனுக்குப் பதினெட்டு, மற்றவனுக்குப் பத்தொன்பது. அவன் சொல்லுவதைத் தமிழில் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்கிறார்கள்; படங்களை இளையவன் அழகாக வரைகிறான். கையுறை ஒரு சோடியே இருப்பதால் முறைவைத்து அணிகிறார்கள். இன்னும் இரண்டு சோடிக்குக் கட்டளை அனுப்பியிருக்கிறோம். விசா கிடைத்தால் தை மாதம் அவன் புறப்படுவான். அதற்குமுன் பையன்கள் இருவரும் ஒரு பெட்டியையேனும் தாமே திறந்து மூடிவிட வேண்டுமென்று நாள் குறித்திருக்கிறான். அந்தப் பெட்டி பெரும்பாலும் என் காரினுடையதாகவே இருக்கும்.