அப்பா இருமிய நாள்

என் தந்தையார் மார்க்கெட்டில் மூட்டை சுமப்பவர். வலிக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. சென்ற ஆண்டு நுரையீரலில் அறுவை நடந்தபோதும், "ஒண்ணுமில்லப்பா" என்றே சொன்னார். ஆனால் அவர் இருமவில்லை. மூச்சையும் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

மயக்க மருந்து மருத்துவர் அதைக் கவனித்துவிட்டார். "இருமாவிட்டால் சளி தேங்கும், நிமோனியா வரும். இந்த வலியைப் பொறுப்பது வீரமல்ல, ஆபத்து" என்றார்.

முதுகெலும்பின் பக்கத்தில், விலா நரம்புகள் புறப்படும் இடத்தில், அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்து ஊசி செலுத்தி, மெல்லிய குழாய் வழியே பியூபிவக்கெய்ன் என்ற மருந்தைச் செலுத்தினார்கள். ஜெர்மனியில் 1905-இல் ஹியூகோ செல்ஹைம் தொடங்கிய முறை இது. இடையில் மறக்கப்பட்டு, 1979-க்குப் பின் மீண்டும் வழக்கத்துக்கு வந்தது.

சோடியம் அயனிகள் உட்புகுவதால்தான் நரம்பில் செய்தி ஓடுகிறது என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்தவன் நான். அந்த வாயில்களைத்தான் இம்மருந்து அடைக்கிறது. மார்பின் ஒரு பக்கம் மரத்துப்போகிறது. நினைவோ தெளிவாகவே இருக்கிறது.

சற்று நேரத்தில் அப்பா தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு நன்றாக இருமினார். பிறகு என்னைப் பார்த்து, "இதெல்லாம் உன் புஸ்தகத்துல இருக்காப்பா?" என்றார்.

"இருக்குப்பா."

"அப்போ நல்லாப் படி."

நண்பர்களே, விலங்கியல் பாடத்தில் அந்தப் பக்கத்தை நான் பலமுறை புரட்டியதுண்டு. படித்தது அன்றுதான்.

— இளங்கலை விலங்கியல், இரண்டாமாண்டு மாணவர்