சி சென்டரின் ஆபரேட்டர்

கோவில்பட்டியிலிருந்து தெற்கே போகும் பாசஞ்சர் வண்டி, கு.அழகிரிசாமியின் கதையால் பெயர் நிலைத்த குமாரபுரம் ஸ்டேஷனைத் தாண்டினால் அடுத்தது கடம்பூர். இந்த ஊருக்கு வந்துவிட்டுப் போளி வாங்காமல் திரும்பினால் வீட்டில் நம்மை உள்ளே விடமாட்டார்கள். தேங்காய்ப் போளியும் பருப்புப் போளியும் கட்டச் சொல்லிவிட்டு, ஆபரேட்டர் வீடு எது என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"எந்த ஆபரேட்டரு? தண்ணி டேங்க் ஆபரேட்டரா, சினிமா ஆபரேட்டரா?"

சினிமா என்றதும் சந்தைப் பக்கம் கையைக் காட்டினார்.

எழுபதைத் தாண்டிய மனிதர். பெயர் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "ஆபரேட்டர்னே போடுங்க தம்பி. ஊரே அப்பிடித்தான கூப்பிடுது." எழுபதுகளில் இந்த வட்டாரத்து டூரிங் கொட்டகைகளில் கையாளாகச் சேர்ந்து, பிறகு லைசென்ஸ் எடுத்து, கடைசியில் கோவில்பட்டித் தியேட்டர் ஒன்றில் ஃபிலிம் நின்றுபோகும்வரை படம் ஓட்டியவர். ஓடிடி வந்து தியேட்டர்களை அழிக்கிறது என்று சென்னையில் பேசுகிறார்களே, அது கரிசல் பக்கத்தில் எப்படி நடந்தது என்று கேட்கத்தான் அவரிடம் போயிருந்தேன். அவர் பேச்சை எடுத்தது பிளேடிலிருந்து.

திண்ணையில் ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே பாதி பிளேடு, காய்ந்துபோன ஃபிலிம் சிமெண்ட் குப்பி, சில அடி நீளப் படச்சுருள். சுருளின் ஒரு நுனியை எடுத்து உதட்டில் வைத்து எடுத்தார். "ஒட்டுச்சுன்னா மருந்துப் பக்கம். வழுக்குச்சுன்னா பின்பக்கம். இருட்டுக்குள்ள வேற எப்பிடிக் கண்டுபிடிக்க?" படம் அறுந்தால், படம் பதிந்திருக்கும் மருந்துப் பக்கத்தை ஒரு கோடு அளவுக்கு மட்டும் பிளேடால் சுரண்ட வேண்டும். கூடச் சுரண்டினால் ஃபிலிம் நைந்துவிடும், குறைந்தால் சிமெண்ட் பிடிக்காது. ஒரு கட்டத்துக்கு இந்த ஓரம் நாலு ஓட்டை, அந்த ஓரம் நாலு ஓட்டை. அந்தக் கணக்கு ஒன்று தப்பினாலும் திரையில் கால் மேலேயும் தலை கீழேயும் போய்விடும். ஒட்டி, அழுத்தி, மறுபடி மெஷினில் ஏற்றுவதற்குள் கொட்டகையில் விசில் கிளம்பிவிடும். அவர் சுரண்டிக் காட்டியபோது விரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. பேனா பிடித்துக் கையெழுத்துப் போடும்போது நடுங்குகிறதாம்.

நொடிக்கு 24 கட்டம், நிமிடத்துக்கு 90 அடி. இரண்டரை மணி நேரத்துக்குமேல் ஓடும் தமிழ்ப் படம் என்றால் பதிமூவாயிரத்து ஐநூறு அடியைத் தாண்டும். அத்தனை அடியும் இவர் கையைத் தொட்டுத்தான் போயாக வேண்டும். ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். நிரந்தரத் தியேட்டரில் இரண்டு மெஷின் இருக்கும். ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும், உடனே அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். சுமார் ஏழு நொடியில் இன்னொரு புள்ளி வரும். அந்தக் கணத்தில் வெளிச்சத்தை மாற்றிவிட வேண்டும். நாம் எல்லோரும் அந்தப் புள்ளிகளை ஆயிரம் முறை பார்த்திருக்கிறோம், பார்த்ததாக நினைவே இருக்காது. கதாநாயகி அழுகிற இடத்திலும் இவர் கண் அந்த மூலையில்தான் இருந்திருக்கிறது. "எத்தனையோ படம் ஓட்டியிருக்கேன். ஒண்ணைக்கூட நிம்மதியா உக்காந்து பாத்ததில்ல" என்றார். டூரிங் கொட்டகையில் ஒற்றை மெஷின்தான். ரீல் மாற்ற மாற்ற இடைவேளை. முறுக்கு, கடலைமிட்டாய் விற்றவர்களுக்கு அது யோகம்.

அதைவிடக் கடினம் மெஷினுக்கு வெளிச்சம் தந்த கார்பன். செம்பு பூசிய இரண்டு குச்சிகள் எதிரெதிரே நிற்க, நடுவில் பொறி. எரிய எரியக் குச்சி தேயும், இடைவெளி கூடும். கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துத் திருகைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். அசந்தால் படம் மங்கிவிடும். சித்திரை வெயிலில் தகர ஷெட்டுக்குள் அந்த நெருப்போடு ஒரு ஆள் நின்றதால்தான் எம்.ஜி.ஆர். சட்டை பளிச்சென்று தெரிந்தது. செனான் பல்பு வந்த பிறகுதான் இந்தத் திருகலுக்கு விடுதலை கிடைத்தது.

இந்தக் கொட்டகைகளுக்கு முன்னோடி ஒரு கூடாரம். தமிழ்நாட்டில் ஊர் ஊராகச் சினிமா கொண்டுபோன முதல் ஆள் ரயில்வே ஊழியர். திருச்சியில் வரைபடப் பிரிவில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் துபோன் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கிக் கூடாரம் போட்டுக் காட்டினார். பிறகு 1914-ல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். கடம்பூர் மாதிரி ஊர்களில் அந்தக் கூடாரம் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் கூடாரமாகவே இருந்தது. டூரிங் லைசென்ஸ் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் என்பதால் கொட்டகையைக் கல் கட்டடமாக்க வழி இல்லை, மனமும் இல்லை.

இனி சொல்லப்போவதுதான் நான் கடம்பூரில் தெரிந்துகொண்ட விஷயம். சினிமா வியாபாரத்தில் ஊர்களை ஏ, பி, சி சென்டர் என்று பிரிப்பார்கள். மதுரை, திருநெல்வேலியில் படம் முதலில் வரும். அங்கே ஓடித் தளர்ந்ததும் கோவில்பட்டி. அங்கும் ஓய்ந்த பிறகு கொட்டகைக்கு. படப்பெட்டியோடு விநியோகஸ்தரின் ரெப் வருவார், ராத்திரி அன்றைய வசூலை டி.சி.ஆரில் எழுதிக் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் தூங்குவார். இங்கே வந்து சேரும்போது சுருள் முழுக்கக் கீறல். திரையில் மழை பெய்யும். "கரிசக்காட்டுல தவறாம பெஞ்ச மழை அது ஒண்ணுதான்" என்று ஆபரேட்டர் சொல்லிச் சிரித்தார்.

ஆனால் வாடகை மலிவு. பழைய படம் என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. டிக்கெட் விலையும் அதற்கேற்ற மாதிரி. பருத்தியும் மிளகாயும் காசாகிற தை, மாசியில் ஒரு கூட்டம். தீப்பெட்டி ஆபீஸில் சனிக்கிழமை சம்பளம் போட்டதும் ஒரு கூட்டம். பக்கத்துக் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட இடத்தருகே சிவாஜி கணேசன் சொந்தக் காசில் நிலம் வாங்கிச் சிலை வைத்தார். அந்த ஊர் சுற்றுவட்டாரத்தில் அவர் நடித்த 1959-ன் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' எத்தனை முறை போட்டாலும் தரை டிக்கெட் தீர்ந்துவிடும் என்கிறார். தாமதமாக வருவதுதான் கொட்டகையின் முதல் போடாத மூலதனம்.

அந்தத் தாமதத்தை ஒழித்தது எது? ஓடிடி இல்லை. அது கடைசியாக வந்த ஆள்.

எண்பதுகளில் வாடகை வீடியோ டெக் வந்தது. 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது, ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்குத் தெருவே ஒரு வீட்டில் கூடியது. கொட்டகைகள் பெரும்பாலும் அப்போதே சுருண்டுவிட்டன. அதற்குப் பிறகு 2005-ஐ ஒட்டி டிஜிட்டல். சென்னையின் ரியல் இமேஜ் நிறுவனம் கொண்டுவந்த கியூப் முறையும், அதற்குப் போட்டியாக யு.எஃப்.ஓ. முறையும் தியேட்டர்களுக்குள் நுழைந்தன. பிரிண்ட் போடும் செலவு போயிற்று. 2012-ல் ஃபிலிம் தயாரித்த கோடாக் நிறுவனமே திவால் மனு கொடுத்தது. சென்னையில் வெளியாகும் அதே காலையில் கோவில்பட்டியிலும் படம், கீறல் இல்லாத படம். இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சின்ன ஊர்க்காரன் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும் என்று எந்த நியாயமும் இல்லை. ஆனால் எல்லா ஊரும் ஏ சென்டர் ஆனபோது, சி சென்டரின் பிழைப்பு எது என்பதை யாரும் கேட்கவில்லை. பழைய படத்தை மலிவாக ஓட்டும் கலை போயிற்று, அதோடு பிளேடும் சிமெண்டும் போயிற்று.

மத்தியானம் கோவில்பட்டிக்குத் திரும்பி ஒரு தியேட்டரின் ஆபரேட்டர் ரூமுக்குள் போனேன். ஏ.சி. குளிர். மூலையில் பழைய மெஷின் துணி போர்த்திக் கிடந்தது. பொறுப்பில் இருந்த தம்பிக்கு முப்பது வயதுக்குள். படம் சர்வரில் ஏறியிருக்கிறது. ஒவ்வொரு திரைக்கும் தனியாக ஒரு கீ வரும். இந்தத் தேதி இந்த மணி முதல் இந்தத் தேதி வரை என்று அதிலேயே இருக்கும். நேரம் தாண்டினால் படம் திறக்காது. தயாரிப்பாளருக்கும் ஃபைனான்ஸ் கொடுத்தவருக்கும் கணக்குத் தீரவில்லை என்றால் ரிலீஸ் அன்று காலை கீ வராது. "அப்ப கீழ நிக்கிற ரசிகர்கள்ட்ட திட்டு வாங்குறது மட்டும் நம்ம வேலை சார்" என்றார். மற்ற நேரத்தில் ஷோ அட்டவணையைத் தட்டிவிட்டுக் கீழே இறங்கி டிக்கெட்டில் இருக்கும் கட்டத்தை ஸ்கேன் செய்கிறார், ஜெனரேட்டரைப் பார்க்கிறார், இடைவேளையில் கேண்டீனிலும் நிற்கிறார். அவர் வேலை எளிதானது என்று நினைக்க வேண்டாம். ஒரு ஆள் நாலு ஆள் வேலை பார்க்கிறார், அவ்வளவுதான்.

அது வேலைநாள் மதியக் காட்சி. உள்ளே எட்டிப் பார்த்தேன். பின் வரிசைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகள். "வெள்ளி, சனி, ஞாயிறு தியேட்டர் சார். திங்கக்கிழமை ஆச்சுன்னா குடோன்."

இனிக் கடைசியாக வந்த ஓடிடிக்கு வருவோம். 2020 மார்ச்சில் கொரோனாவால் மூடிய தியேட்டர்கள் நவம்பர் 10-ந்தேதிதான் பாதி இருக்கைகளோடு திறந்தன. அப்போது சினிமாவையும் சேர்த்துப் பார்த்த செய்தித் துறை அமைச்சர் நம் ஆபரேட்டரின் ஊர்ப் பெயரையே முன்னால் வைத்திருக்கும் கடம்பூர் ராஜு. மூடிக் கிடந்த காலத்தில், மே 29 அன்று 'பொன்மகள் வந்தாள்' நேராக அமேசான் பிரைமுக்குப் போனது, தியேட்டர்காரர்கள் கொதித்தார்கள். 2021 பொங்கலுக்கு வந்த 'மாஸ்டர்' ஜனவரி 13-ல் தியேட்டரில், 29-ல் போனில். நம் மண்ணின் கதையைச் சொன்ன மாரி செல்வராஜின் 'கர்ணன்' ஏப்ரல் 9-ல் வெளியானது; மறுநாளே பாதி இருக்கைக் கட்டுப்பாடு, அந்த மாதமே மறுபடி பூட்டு, மே 14-ல் பிரைம். கொரோனா முடிந்த பிறகும் தியேட்டருக்கும் ஓடிடிக்கும் நடுவிலான இடைவெளி பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இப்போது பெரும்பாலும் நாலு வாரம். உரிமையாளர் சங்கங்கள் எட்டு வாரம் கேட்கின்றன.

எட்டு வாரம் கிடைத்தால் விடிந்துவிடுமா? எனக்கு நம்பிக்கையில்லை. முதல் ஞாயிறு முடிந்ததும் படத்தைத் தூக்கிவிட்டு அடுத்த வெள்ளிக்குக் காத்திருக்கிற தியேட்டருக்கு எட்டு வாரம் எதற்கு? இரண்டாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம்வரை அந்தப் படத்தை யாருக்கு, என்ன விலைக்குக் காட்டப்போகிறோம் என்று யோசிப்பவருக்குத்தான் அந்தக் காலம் உதவும். அதைத்தான் கொட்டகை தெரிந்துவைத்திருந்தது. தீப்பெட்டி ஆபீஸ் சம்பளத்தில் குடும்பத்தோடு படம் பார்க்க வேண்டும் என்றால், டிக்கெட், பைக் நிறுத்த, பிள்ளைகளுக்குப் பாப்கார்ன் என்று ஒரு நாள் கூலி போய்விடும். போன் ரீசார்ஜ் அதைவிடக் குறைவு. மக்கள் சோம்பேறிகளாகி வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள் என்பது பொய். இருபது வருஷத்துப் பழைய 'கில்லி', டிவியில் தேயத்தேயப் போட்ட படம், 2024 ஏப்ரலில் மறுபடி வந்தபோது தமிழ்நாடு முழுக்க அரங்கு நிறைந்தது. பழைய படத்துக்குக் கூட்டம் வரும் என்று கடம்பூர் ஆபரேட்டருக்கு எழுபதுகளிலேயே தெரியும்.

2025 செப்டம்பர் 22 முதல் நூறு ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், அதற்கு மேல் போனால் 18. சின்ன ஊர்த் தியேட்டர்கள் திங்கள் முதல் வியாழன்வரை டிக்கெட்டை நூறுக்கு நன்றாகக் கீழே இறக்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. தயாரிப்பாளரும் அந்த நாலு நாளைக்குப் பங்குச் சதவீதத்தை இறக்கித் தர வேண்டும். காலி நாற்காலியில் யாருக்கும் பங்கு இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1981-ல் சினிமாத் தொழிலாளர்களுக்கும் தியேட்டர்த் தொழிலாளர்களுக்கும் சேர்த்து மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தியேட்டரில் வைப்பு நிதியும் பணிக்கொடையும் உண்டு என்றது. 2020-ல் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் அதையும் கரைத்துவிட்டார்கள். கடம்பூர் ஆபரேட்டருக்கு அந்தச் சட்டம் இருந்ததே தெரியாது. கொட்டகையில் வருகைப் பதிவே கிடையாது, பிறகு பார்த்த தியேட்டரில் கையில் சம்பளம். லைசென்ஸை மட்டும் பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறார். ஓடிடி இடைவெளியைப் பற்றிச் சங்கங்களும் அரசும் அடுத்த முறை பேச உட்காரும்போது, இப்படி லைசென்ஸ் மட்டும் மிச்சமாக வைத்திருக்கும் ஆபரேட்டர்களின் பட்டியலை மாவட்டவாரியாக எடுத்து, அவர்களுக்கு ஒரு ஓய்வூதியத்துக்கு வழி செய்ய வேண்டும். பெரும்பாலானவர்கள் எழுபதைத் தாண்டியவர்கள்; தள்ளிப்போட நேரமில்லை.